ஜோர்ஜ் தொம்சனும் ஐரிஷ் மக்கள் மொழியும்

ஜோர்ஜ் தொம்சன் என்னும் பெயர் ஈழத்துத் தமிழிலக்கிய மாணவர்க்குப் புதியதன்று. 'ஏஸ்கிலசும் ஏதென்சும்', 'மார்க்சியமும் கவிதையும்' ஆகிய ஆங்கில நூல்களின் ஆசிரியர், பேர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய இருவரும் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்த காலத்து அவர்களுக்கு வழிகாட்டியவர். இவ்வளவும் எம்மிற் பலர் அறிந்தவையே. எமது விமரிசனக் கட்டுரைகளின் அடிக்குறிப்புக்களில் அவர் பெயர் எத்தனையோ முறை வந்து போயிருக்கின்றது. ஆயின் அடிக்குறிப்பிலே வாழும் அறிஞர்க்கு ஊருமில்லை, உறவுமில்லை. தொம்சனைக் கிரேக்க அறிஞராக மட்டுமே கண்ட நாம், அவருக்குக் கிரேக்கத்தையே திறந்து காட்டிய வேறொரு மொழியைக் காணத் தவறிவிட்டோம். அம்மொழி ஐரிஷ். அதனை அவருக்குக் கற்பித்தோர் பேராசிரியரல்லர். அத்திலாந்திக் கடலின் நடுவே ஒரு கற்பாறைத் தீவில் மீன்பிடித்தும் செம்மறி வளர்த்தும் வாழ்ந்த ஏழை மக்கள். அவர்கள் அவரை 'ஷோர்ஷ மக் தொமாஷ்' என்று தம் மொழியிலே பெயரிட்டழைத்தனர்.

ஐரிஷ், கெல்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் ஐபீரியா முதல் சின்ன ஆசியா வரை பரந்து வழங்கிய அக்குடும்பம், காலப்போக்கில் ஐரோப்பாவின் மேற்கு விளிம்புக்குத் தள்ளப்பட்டது. ஐரிஷ், ஸ்கொத்திஷ் கேலிக், மாங்ஸ் ஆகியன ஒரு கிளை. வெல்ஷ், பிரெத்தன், கோர்னிஷ் ஆகியன மறுகிளை. இம்மொழிகளை விஞ்ஞான முறையில் ஆராயும் துறைக்குக் கால்கோளிட்டவர் ஜெர்மானியரான காஸ்பர் சொய்ஸ். 1853இல் அவர் வெளியிட்ட 'கெல்திய இலக்கணம்' லத்தீன் மொழியிலே எழுதப்பட்டது. அதற்கு ஆதாரமாக அமைந்தவை பழைய ஏட்டுப் பிரதிகள். எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் லத்தீன் நூல்களின் ஓரங்களிலும் வரிகளுக்கிடையிலும் தம் தாய்மொழியில் எழுதிவைத்த சிறு உரைக்குறிப்புக்களைத் திரட்டி ஓர் இலக்கணத்தையே சமைத்தார் அவர். வியக்கத்தக்க உழைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் இத்துறை வளர்ந்த வழியில் ஒரு கோணலும் உடன் வளர்ந்தது. துறவியின் ஓரக்குறிப்புக்குக் கிடைத்த மதிப்பு, அதே மொழியைப் பேசிக்கொண்டிருந்த மீனவனுக்குக் கிடைக்கவில்லை. ஏட்டிலிருப்பது செம்மொழி, வாயிலிருப்பது சிதைவு என்ற எண்ணம் படித்தோரிடையே வேரூன்றியது. 1960களின் முற்பகுதியில் எமது எழுத்தாளர் மக்கள் பேச்சைக் கதையிற் கொணர்ந்தபோது 'இழிசனர் வழக்கு' என்ற வசை எழுந்ததை நினைவுகூர்வோர்க்கு இவ்வெண்ணத்தின் முகம் அந்நியமாகத் தோன்றாது.

ஐரிஷ் மொழி வாயிலிருந்தும் மறையத் தொடங்கியிருந்தமைக்குக் காரணம் மொழியின் குறைபாடன்று. நிலம் ஆங்கில நிலப்பிரபுக்களின் கையில், ஆட்சி இலண்டனில், 1831இல் நிறுவப்பட்ட தேசியப் பாடசாலைகளிற் கற்பித்தல் மொழி ஆங்கிலம். வீட்டு மொழியைப் பேசிய சிறுவனின் கழுத்திலே கோலொன்றைத் தொங்கவிட்டு, பேசிய ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுக்களை எண்ணி அடிகொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரிற் கொள்ளைநோய் பரவிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதனினும் மிகுந்தோர் கப்பலேறினர். மாண்டோரிலும் போனோரிலும் மிகப் பலர் மேற்கு அயர்லாந்தின் ஐரிஷ் பேசும் குடியானவரே. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஐரிஷ் பேசுவோர் ஏறத்தாழ 15 இலட்சம். 1911இல் 6 இலட்சத்துக்குங் குறைவு. மொழி மரணம் என்று இன்று மொழியியலார் மென்மையாகக் கூறும் நிகழ்ச்சிக்குப் பின்னால் வாடகைச் சீட்டும் வெறும் வயிறும் கப்பற் கூலியும் இருந்தன.

தொம்சன் பிறந்தது இவ்வவலத்தினின்று வெகு தொலைவிலே. 1903ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு நடுத்தரக் குடும்பத்திற் பிறந்து, டல்விச் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்று, கிரேக்க லத்தீன் தேர்வில் முதல் வகுப்புப் பெற்றவர். ஆயினும் அவர் வளர்ந்த காலம் அமைதியான காலமன்று. 1916இல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி. தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனலி காயமுற்ற நிலையிலே கதிரையில் இருத்திச் சுடப்பட்டார். 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர். இவ்வேளையில் இலண்டனிலிருந்த கேலிக் கழகத்தின் வகுப்புக்களிற் சேர்ந்து ஐரிஷ் பயின்றார் ஓர் ஆங்கில இளைஞர். ஆளும் நாட்டின் பிள்ளை ஆளப்படுவோரின் மொழியைக் கற்பது அன்று வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க இயலாது.

1923ஆம் ஆண்டு அவர் பெரிய பிளாஸ்கெட் தீவுக்குச் சென்றார். கெறி மாவட்டத்தின் டிங்கிள் குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் அத்தீவு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளம். பெரும்பகுதி செங்குத்தான மலை. கோயிலில்லை, வைத்தியரில்லை, கடையில்லை. மெல்லிய மரச்சட்டத்தின்மேல் தார் பூசிய கித்தானை இழுத்துக் கட்டிய தோணியே கரையோடு தொடர்பு. காற்றடித்தால் நாட்கணக்கில் அத்தொடர்பும் அறும். 1916ஐ ஒட்டிய காலத்தில் 176 பேர் வாழ்ந்த அத்தீவில் அவர் சென்றபோதே தொகை குறையத் தொடங்கியிருந்தது.

அவருக்கு முன்னரும் அறிஞர் அங்கு வந்ததுண்டு. நோர்வே நாட்டுக் கெல்திய மொழியறிஞர் கார்ல் மார்ஸ்திராந்தர் 1907இலும், பிரித்தானிய நூதனசாலையில் ஐரிஷ் ஏட்டுப் பிரதிகளை ஆராய்ந்த றொபின் பிளவர் 1910இலும் வந்தனர். இருவருக்கும் மொழியாசானாக அமைந்தவர் தோமாஸ் ஓ கிரிஃவன் என்ற மீனவர். பாடசாலையில் ஆங்கிலமே கற்றுத் தம் தாய்மொழியின் எழுத்தை நடுவயதிலே பயின்றவர். 1917இல் வந்த பிரயன் ஓ கெல்லி, கோர்க்கியின் எழுத்துக்களையும் பியர் லொத்தியின் மீனவர் நாவலையும் அவருக்குப் படித்துக் காட்டி, 'உமது வாழ்வும் எழுதத்தக்கதே' என்று உணர்த்தினார். அதன் பேறு, 1929இல் வெளியான 'தீவான்' என்னும் தன்வரலாறு. வொல்கா நதிக்கரையில் மூட்டை சுமந்தவனின் எழுத்து, மொழிபெயர்ப்பாய் மேற்கு அயர்லாந்தின் கடற்கரைக்கு வந்து, அங்கொரு மீனவனின் பேனாவை இயக்கியது என்பதை எண்ணுந்தோறும் எமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது. உலக இலக்கியம் என்ற தொடருக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

தொம்சன் ஏடு தேடி வந்தவரல்லர். வந்தபோது அவருக்கு வயது இருபது. பேச்சுப் பழக வந்தவர். அங்கு அவர் பெற்ற அனுபவமொன்றைப் பிற்காலத்தில் ஹோமரைப் பற்றி எழுதுகையில் விரித்துரைக்கின்றார். ஒரு நாள் ஊரிலே ஒருத்தி பிள்ளை பெற்ற செய்தி வந்தது. அதனைச் சொன்னவன், அவள் தன் சுமையை மேற்கிலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டாள் என்ற கருத்துப்படச் சொன்னான். எரிபொருள் அருகிய காலங்களிற் பெண்கள் மலைச்சரிவிலிருந்து புதர்க்கட்டுக்களைச் சுமந்து முதுகு வளைய இறங்கிவரும் காட்சியைக் கண்டிருந்த தொம்சன், எத்துணை அழகான உருவகம் என்று வியந்தார். சொன்னவனின் கற்பனையை மெச்சினார். பொழுது சாய்வதற்குள் அதே தொடரை வேறு மூன்று நான்கு பேர் வாயிலுங் கேட்டார். அப்பொழுதுதான் அவருக்கு உண்மை புலனாயிற்று. அது தனியொருவனின் கற்பனையன்று, ஊரின் பொதுச்சொத்து. பல தலைமுறையாகப் பலர் வாயிற் புரண்டு மெருகேறி வந்த இத்தகைய தொடர்களே அம்மொழியின் உடம்பாக இருந்தன. நாளடைவில் அவர் நாவிலும் அவை தாமாகவே வந்தன.

இவ்வனுபவத்தோடு அவர் மீண்டும் ஹோமரை எடுத்துப் படித்தார். வாய்பாடுபோலத் திரும்பத் திரும்ப வரும் அடைகளும் அடிகளும் அதுகாறும் படித்தோர்க்குப் பெரும் புதிராக இருந்தன. புலவன் ஏன் சொன்னதையே சொல்கிறான்? அமெரிக்க அறிஞர் மில்மன் பரி 1928 தொடக்கம் அவ்வாய்பாடுகளை எண்ணி வகுத்து, அவை வாய்மொழி மரபின் அடையாளங்களென நிறுவிக்கொண்டிருந்தார். தொம்சன் அதே முடிவின் அருகே வேறு வழியால் வந்தார் என்பது எமது துணிபு. எண்ணிக்கையால் அன்று, காதால். ஹோமரின் மொழி தனிமேதை ஒருவன் அறையிலிருந்து செதுக்கியதன்று. குடிசைக்கும் மாளிகைக்கும் இடையிற் பண்பாட்டுப் பிளவு முற்றாத ஒரு சமுதாயத்தின் பொதுமொழி உயர்ந்த நிலையில் ஒலிப்பது என அவர் கொண்டார்.

'மார்க்சியமும் கவிதையும்' என்ற சிறு நூலைப் படித்தோர் அதன் தொடக்கத்தில் வரும் கிணற்றடிக் காட்சியை மறந்திருக்கமாட்டார். மாலையொன்றில் மேற்கு அயர்லாந்துக் கிராமமொன்றிலே கிழவியொருத்தி வாளிகளை நிரப்பிவிட்டுக் கடலைப் பார்த்து நிற்கிறாள். கணவன் இறந்துவிட்டான், ஏழு ஆண்மக்களும் அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகருக்குப் போய்விட்டனர். ஒருவன் கடிதம் எழுதியிருக்கிறான், தன்னோடு வந்து இளைப்பாறுமாறு. அவள் இதனைத் தொம்சனுக்குச் சொல்லத் தொடங்குகிறாள். மலையேறி எரிமண் சுமக்கும் துன்பம், புகைமண்டிய குடிசை, பின்னர் செல்வங் கொழிக்கும் அமெரிக்கா, நெடுங்கடற் பயணம், இறுதியில் சொந்த மண்ணில் எலும்பைச் சாய்க்கும் ஆசை என்று பேச்சு வளர வளர, அது தாளங் கொள்கிறது. உடல் தொட்டில்போல் அசைகிறது. சொற்கள் ஒலிநயத்தோடு ஒழுகுகின்றன. பின்னர் சிரித்துக்கொண்டே வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவள் வீடு செல்கிறாள். அவளுக்கு எழுத்தறிவில்லை; தான் கவிதை செய்ததாக எண்ணவுமில்லை. இதனைக் கவிதை என்று அழைக்க மறுக்கும் இலக்கணம் எதுவோ அதுவே குறையுடையது என்பது தொம்சன் வாதத்தின் உட்கிடை. எமது ஒப்பாரிகளைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இதிற் சான்று வேண்டியதில்லை.

கவிதையின் தோற்றம் உழைப்பின் தாளத்திலும் கூட்டுச் சடங்கிலும் உள்ளது என்ற அந்நூலின் கொள்கைக்குக் கிறிஸ்தோபர் கோட்வெல்லின் 'மாயையும் யதார்த்தமும்' என்ற நூல் துணைநின்றது. கோட்வெல் 1937இல் ஸ்பானியப் போர்க்களத்தில் மாண்ட இளைஞர். ஆயினும் தொம்சனின் நூல் கோட்வெல்லின் நூலிலும் எளிதாகவும் சூடாகவும் எம்மை வந்தடைகிறதென்றால், அக்கிணற்றடிக் கிழவியே காரணம்.

தொம்சன் தீவிற் கண்ட நண்பர் மொரிஸ் ஓ சலிவன். தம்மிலும் ஒரு வயது இளையவர். தாயைக் குழந்தைப் பருவத்திலே இழந்து டிங்கிள் நகரில் வளர்ந்து, ஏழு வயதளவில் தீவுக்கு மீண்டு, அதன் பின்னரே ஐரிஷ் பேசப் பழகியவர். சகோதரரும் தோழரும் ஒருவர்பின் ஒருவராக அமெரிக்காவுக்குப் போக, அவரும் புறப்பட இருந்தார். தொம்சனே தடுத்தார். 1927இல் மொரிஸ் டப்ளின் சென்று புதிய அரசின் பொலிசிற் சேர்ந்து கொனமாரா என்னும் ஐரிஷ் பேசும் பிரதேசத்திற் கடமையேற்றார். அங்கிருந்து அவர் எழுதிய வாழ்க்கைக் கதையைத் தொம்சன் செப்பஞ்செய்தார். 'வளர்ந்த இருபது ஆண்டுகள்' என்று பொருள்படும் பெயருடன் 1933இல் அது ஐரிஷில் வெளிவந்தது. அதே ஆண்டில் மோயா லெவெலின் டேவிசும் தொம்சனும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்டர் முன்னுரை எழுதி, புதிய கற்கால நாகரிகமொன்றின் உள்ளிருந்து எழுந்த குரலென அதனைப் பாராட்டினார்.

பாராட்டு நல்லெண்ணத்தில் எழுந்ததே. ஆயினும் 'புதிய கற்காலம்' என்ற சொல் எம்மை உறுத்துகின்றது. அத்தீவினர் பிடித்த கானாங்கெளுத்தி உப்பிடப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போயிற்று. சிங்கி இறாலைப் பிரெஞ்சு வள்ளங்கள் வந்து வாங்கின. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் உப்புமீனின் அமெரிக்கச் சந்தை வீழ்ந்தபோது தீவின் அடுப்பும் அணைந்தது. வேலைக்காக அவர்கள் சென்றதும் ஸ்பிறிங்பீல்ட் நகருக்கே. அத்திலாந்திக்கின் அக்கரையிலே தீர்மானிக்கப்பட்ட விலையால் வாழ்ந்தோரும் அதனால் வீழ்ந்தோரும் கற்காலத்தவரல்லர். இருபதாம் நூற்றாண்டு முதலாளித்துவத்தின் கடைக்கோடியிலே தொங்கிக்கொண்டிருந்தவர்கள். இவ்விடத்திலே தொம்சனின் பார்வை போர்ஸ்டரின் பார்வையினின்று பிரிகின்றது. பழமையின் அழகில் அவரும் மயங்கியதுண்டு. ஆயின் அப்பழமை ஏன் அழிகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை.

1931இல் அவர் கோல்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளரானார். அவர் ஏற்ற பணி, கிரேக்கத்தை ஐரிஷ் மொழி வாயிலாகக் கற்பிப்பது. 1929ஆம் ஆண்டுச் சட்டமொன்று அக்கல்லூரியை ஐரிஷ் வாயிலான உயர்கல்விக்கு உரியதாக வகுத்திருந்தது. ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இப்பகுதியைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும். தாய்மொழியிற் கல்வி என்று மேடையிற் கூறுவது எளிது. வகுப்பறையினுள் நுழைந்ததும் நூல் எங்கே, கலைச்சொல் எங்கே என்ற கேள்விகள் எழும். தொம்சன் அக்கேள்விகளைக் காட்டித் தப்பிக்க முயன்றாரில்லை. சோக்கிரதீசின் விசாரணையையும் மரணத்தையும் கூறும் பிளேட்டோவின் மூன்று உரையாடல்களை ஏற்கனவே ஐரிஷில் மொழிபெயர்த்து 1929இல் வெளியிட்டிருந்தார். நாடகங்களை மொழிபெயர்த்தார். கிரேக்க மெய்யியலின் தோற்றம் பற்றி அவர் ஐரிஷில் எழுதிய நூல் 1935இல் வந்தது. அகராதியிலிருந்து சொல்லைச் செதுக்கி ஒட்டுவதிலும், தீவார் வாயிலிருந்து சொல்லெடுத்துப் பிளேட்டோவைப் பேசவைப்பதே அவர் நோக்கு. மீன்விலை பேசும் மொழி மெய்யியல் பேசாது என்று யார் சொன்னார்? ஏதென்ஸ் நகரச் சந்தையிலே சோக்கிரதீஸ் பேசியதும் செம்மாரும் தச்சரும் பேசிய மொழியன்றோ!

ஆயினும் கோல்வேயில் அவர் மூன்றாண்டுகளே நின்றார். கல்லூரிச் சுவருக்கு வெளியே, ஐரிஷ் பேசும் கிராமங்களுக்கே சென்று குடியானவர்க்கும் மீனவர்க்கும் விரிவுரை நிகழ்த்தவேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு மேலிடத்து ஆதரவு கிட்டவில்லை. 1934இல் அவர் கேம்பிரிட்ஜ் மீண்டார். அவ்வாண்டிலேயே இசைஞரான கதரின் ஸ்டுவர்டை மணந்தார்.

இத்தோல்வியைத் தனிமனிதக் கசப்பாகக் கொள்ளலாகாது. 1922இல் அமைந்த ஐரிஷ் சுதந்திர அரசு ஐரிஷைத் தேசிய மொழியென அரசியலமைப்பில் எழுதிற்று. பாடசாலைகளிற் கட்டாயமாக்கிற்று, அரச உத்தியோகத்துக்குத் தகைமையாக்கிற்று. 1934 முதல் உயர்தரப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வில் ஐரிஷிற் சித்தியடையாதவர் முழுத்தேர்விலும் சித்தியடையாதவரே. மொழியையும் உத்தியோகத்தையும் ஒரே கயிற்றிற் கட்டினால் என்ன நேருமென்பது இந்நாட்டு வாசகர்க்கு விளக்கவேண்டுவதன்று. நகரத்து நடுத்தர வகுப்பார் தேர்வுக்காக ஐரிஷ் படித்தனர். அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகிய கிராமத்துப் பிள்ளை, பிழைப்புக்காக ஆங்கிலம் படித்துக் கப்பலேறினான். மொழிக்கு மரியாதை இருந்தது. மொழியைப் பேசியவனுக்கு நல்ல இறங்குதுறைகூட இல்லை. பேசுவோரின் வாழ்க்கையைக் காக்காமல் மொழியைக் காக்கமுடியாது என்ற முடிவுக்குத் தொம்சன் வந்தது நூல் படித்தன்று. தீவின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுவதைக் கண்டே. அவரது மார்க்சியத்தின் ஒரு வேர் இங்குள்ளதென்பது எமது கருத்து. 1930களின் நடுப்பகுதியில் அவர் பிரித்தானியக் கொம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார்.

மொரிசின் கதை துயரமானது. எழுதியே வாழலாமென நம்பி 1934இல் பொலிஸ் வேலையை விட்டார். அவரது இரண்டாவது நூலை எவரும் வெளியிடவில்லை. 1950இல் மீண்டும் வேலையிற் சேர்ந்த அவர், அவ்வாண்டிலேயே கடலிற் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். தீவின் பாடசாலை 1941இல் மூடப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இருபத்துநான்கு வயது இளைஞனொருவன் மூளைக் காய்ச்சலால் இறந்தான். புயலால் வைத்தியர் வர இயலவில்லை, பாதிரியாரும் வர இயலவில்லை. அதே ஆண்டின் வசந்தத்தில் உணவின்றித் தவித்த தீவினர் பிரதமர் டி வலேராவுக்குத் தந்தியடித்தனர். 1953 நவம்பரில் எஞ்சியிருந்த இருபத்திரண்டு பேரையும் அரசு கரைக்குக் கொணரத் தீர்மானித்தது. ஐரிஷ் உரைநடையின் தலையாய நூல்களுள் மூன்றைத் தந்த ஊர் அத்துடன் வெறிச்சோடிற்று. மூன்றாவது நூல், ஐரிஷில் எழுதப் படிக்க அறியாத பெக் சயர்ஸ் என்ற மூதாட்டி சொல்ல, பிறர் எழுதி 1936இல் வெளிவந்த தன்வரலாறு. பின்னாளில் அது பாடநூலாகி மாணவரை அச்சுறுத்தியது வேறு கதை. சுவையான கதைசொல்லியைத் தேர்வுத்தாளிலே சிறைவைத்தால் மாணவர் வெறுப்பதற்கு அவளா பொறுப்பு?

பேர்மிங்ஹமில் 1970 வரை தொம்சன் கிரேக்கம் கற்பித்தார். பட்டதாரிகளுக்கு மட்டுமன்று, அந்நகரத்து ஒஸ்ரின் மோட்டார்த் தொழிற்சாலையின் தொழிலாளர்க்கும் அவர் விரிவுரை நிகழ்த்தினார். கொனமாராவில் வாய்க்காத வாய்ப்பு ஆலையிலே வாய்த்தது. 1941இல் 'ஏஸ்கிலசும் ஏதென்சும்', 1949இல் 'வரலாற்றுக்கு முந்திய ஈஜியன்', 1955இல் 'முதல் மெய்யியலாளர்' ஆகிய பெருநூல்கள் வெளிவந்தன. பழைய கிரேக்கத்தையும் இன்றைய கிரேக்கரின் பேச்சையும் ஒரே மொழியின் தொடர்ச்சியாக நோக்கும் நூலொன்றை 1960இல் எழுதினார். செத்த மொழி என்ற சொல்லை அவர் எளிதில் ஏற்பவரல்லர்.

இந்நூல்களை இன்று படிக்கும் நாம் சிலவற்றை வெளிப்படையாகக் கூறவேண்டும். மோர்கன் வகுத்த சமுதாய வளர்ச்சிப் படிகளையும் தாய்வழிச் சமுதாயக் கருத்தையும் தொம்சன் அளவுக்கு மீறி நம்பினார். 1952இல் மைக்கல் வென்றிஸ் மைசீனியக் களிமண் ஏடுகளைப் படித்துக் காட்டியபோது, அங்கே வெளிப்பட்டது ஆட்டையும் எண்ணெயையும் ஆட்களையும் கணக்குவைத்த அரண்மனை நிருவாகம். தொம்சன் 1949இல் வரைந்த குலமரபுச் சித்திரத்தில் அதற்கேற்ற இடமில்லை. பிளாஸ்கெட் தீவின் ஒருமைப்பாட்டை ஆதிகாலத்துக்கு ஏற்றிக் காணும் சாய்வும் அவரிடம் உண்டு. ஆயினும் அவர் பிழைவிட்டது கேட்கத் துணிந்த கேள்விகளின் பெருமையால். கிரேக்க நாடகத்துக்கும் நிலவுடைமைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவதே அன்றைய செவ்வியல் துறையில் நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டது.

கட்சிக்குள்ளும் அவர் தலையாட்டும் பேராசிரியராக இருந்தாரில்லை. 1951இல் பிரித்தானியக் கட்சியின் புதிய வேலைத்திட்டத்தில் பாட்டாளிவர்க்கச் சர்வாதிகாரம் கைவிடப்பட்டதெனக் கூறி, மத்திய நிறைவேற்றுக் குழுவில் அவரொருவரே எதிர்த்து வாக்களித்தார். பின்னர் சீனப் புரட்சியின் வழியிலே நம்பிக்கை வைத்து 1971இல் மார்க்ஸ் முதல் மாஓ வரையான புரட்சிக் கோட்பாட்டைப் பற்றி எழுதினார். அந்நம்பிக்கையில் எத்துணை நிலைத்தது என்பதில் எமது வாசகரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தனித்து நின்று கையுயர்த்திய நேர்மையை எவரும் மறுப்பதற்கில்லை.

1960களில் அவரிடம் இலங்கையிலிருந்து தமிழ் மாணவர் சென்றனர். கைலாசபதி சங்க வீரப்பாடல்களை வாய்மொழிப் பாணர் மரபின் அடிப்படையிலே ஆராய்ந்து 1966இற் பட்டம் பெற்றார். 1968இல் ஒக்ஸ்போட்டில் அது 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்ற பொருள்தரும் ஆங்கிலத் தலைப்புடன் நூலாயிற்று. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகத்தை ஆராய்ந்து 1970இற் பட்டம் பெற்றார். இவ்வாய்வுகளில் வரும் ஹோமரையும் ஏஸ்கிலசையும் நாம் எளிதில் அடையாளங் காண்கிறோம். புறநானூற்றிலே திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் குறையென்னாது மரபின் இயல்பெனக் கண்ட பார்வைக்குப் பின்னால் பிளாஸ்கெட் தீவின் பேச்சும் ஒலிக்கின்றது என்பதை மட்டும் நாம் கவனித்தோமில்லை. சங்கப் பாடல்கள் எத்துணை வாய்மொழி, எத்துணை எழுத்து என்ற விவாதம் தீர்ந்தபாடில்லை. கைலாசபதியின் முடிவுகளை மறுப்போரும் உளர். அவ்விவாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற பின்னர் தொம்சன் மீண்டும் தீவைப் பற்றி எழுதினார். 1977இல் 'பிளாஸ்கெட் இருந்தபடி' என்று பொருள்படும் சிறு நூல் வெளிவந்தது. எழுபது வயதைக் கடந்த பேர்மிங்ஹம்வாசியான அவர் அதனை ஐரிஷிலேயே எழுதினார். அட்டையிலே தீவார் இட்ட பெயரையே வைத்தார். ஆங்கில வடிவம் 1982இலேதான் வந்தது. தீவிலே அப்பொழுது வீடுகளின் கூரைகள் இடிந்து, செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. 1987 பெப்ரவரியில் அவர் பேர்மிங்ஹமிற் காலமானார்.